துருவின் மேல் பூசிய வெள்ளி

என் கணவர் மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்று காலையில் என்னிடம் பேசியதைவிட மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எங்கள் வீடு திருவிடந்தையில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. தோப்புக்கு அந்தப்பக்கம் கடல். ஜன்னல் கம்பி, தகரப் பெட்டியின் கீல், என் குடைக் கம்பி எல்லாம் இரண்டே வருஷத்தில் செதில் செதிலாக உதிரும் ஊர் அது. ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். காலையில் துடைத்த கண்ணாடியை மாலையில் நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

அந்த ஊரில் அவர் வண்டி மட்டும் கடையில் எடுத்த அன்று போலவே இருந்தது. அவர் எலக்ட்ரீஷியன். கல்யாணத்துக்கு முன்பே சம்பாதித்து வாங்கிய வண்டி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு என்பதால் அதைக் கழுவ மட்டும் தெருமுனை அடிபம்பிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து வருவார். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து ஆயில் விடுவார். சைலன்சரிலும் சக்கரக் கம்பிகளிலும் கிரீஸ் தொட்ட துணியால் மெல்லத் தடவுவார்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட வுடு. டேங்க் எப்பவும் ரொம்பி இருக்கணும், காலியா வுட்டா உள்ளார துரு புடிக்கும். பழைய பெட்ஷீட்டு போட்டு மூடு. பிளாஸ்டிக் மட்டும் வேணாம், உள்ள வேர்த்துப் போவும்" என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. மகளுக்கு அப்போது நாலு வயது. முதல் வருஷம் அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரை உதைத்து உதைத்து என் வலது கணுக்கால் காய்த்துப் போனது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நாலு மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வரும். பாப்பா எப்படி என்பார், அடுத்து வண்டி எப்படி என்பார். அதற்குள் இரைச்சல் வந்துவிடும்.

இரண்டாவது வருஷம் கார்த்திகையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் மாத்திரைக்குக் கேட்கவில்லை. டைபாய்டு, உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னபோது வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. என் அண்ணன் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டைப் பூட்டும்போதுதான் பின்பக்கச் சார்ப்பில் நின்ற வண்டி நினைவு வந்தது. பெட்ஷீட் நனைந்து தொங்கியது. மாடியில்லாத வீடு, சார்ப்பு வேறு ஒழுகியது. கிடைத்த நீலத் தார்ப்பாயை எடுத்து, நனைந்த பெட்ஷீட்டோடு சேர்த்து வண்டியைச் சுற்றி, காற்று புகாமல் கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அவர் சொன்னது மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்தது. மகள் காரில் அனத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். எதிரிலிருந்த பூத் நம்பரை அண்ணன் அவருக்குத் தெரிவித்திருந்தான். முதல் வெள்ளிக்கிழமை போன் வந்தது. இரண்டு நாளாக மகள் கண்ணைத் திறக்கவில்லை. நான் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

"பாப்பாக்கு இன்னா சொல்றாங்க?"

"பார்த்துக்கினு இருக்காங்க."

மறுமுனையில் அவர் செருமுவது கேட்டது. பிறகு, "மழை ஜாஸ்தியாமே. வண்டி எப்டி கீது?" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்ன பொய் அது. கோபம் தணிந்த பிறகும் அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க எனக்கு வரவில்லை.

மகள் பிழைத்தாள். உடம்பு தேறும்வரை ஊரப்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு மார்கழி பிறந்த பிறகுதான் திருவிடந்தைக்கு வந்தோம். தார்ப்பாயை அவிழ்த்தபோது பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. உள்பக்கமெல்லாம் நீர்முத்துகள். சீட்டில் பச்சைப் பாசி. சைலன்சரின் அடிப்பக்கம் விரலை வைத்தால் உள்ளே போனது. செயின் மடங்காமல் கம்பு மாதிரி விறைத்து நின்றது. சக்கரக் கம்பிகள் செம்மண்ணில் புரட்டியெடுத்தவை போல இருந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, "அப்பா அடிப்பாராம்மா?" என்று கேட்டாள். அவர் யாரையும் அடித்தவர் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று பூத்தில் போய் நின்றேன். போன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "ஒப்பந்தத்த முடிச்சுக்கினேன். வர்ற வியாழக்கிழமை வூட்ல இருப்பேன். பாப்பாவ வண்டில வச்சி ஊரெல்லாம் சுத்தணும்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

கோவளம் கூட்ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் பெண் என் வகுப்பில் படித்தாள். பின்சக்கரம் சுற்றவே இல்லை என்பதால் அவரே சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கடல்லேந்து தூக்கியாந்தியா?" என்றார்.

மூன்று நாள் வேலை நடந்தது. செயினும் சைலன்சரும் மாற்றினார். துரு பிடித்த இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்தும் போகாத இடங்களின் மேல், நான் கேட்டுக்கொண்டதால், வெள்ளி பெயிண்ட் அடித்தார். கடைசியில் கைப்பிடியில் இருந்த பிரேக்கைப் பிடித்து இழுத்து, உறையை நகர்த்தி எனக்குக் காட்டினார். உள்ளே முறுக்குக் கம்பி பிரிந்து முள் முள்ளாக நின்றது.

"பாத்தியா, நாலு இழைதான் புடிச்சினு கீது. லேசா புடிச்சா நிக்கும். அவசரத்துக்கு இஸ்தா புட்டுக்கும். புது கேபிள் என்னாண்ட இல்ல. செங்கல்பட்டுலேந்து எட்த்தாந்து சனிக்கிழம மாட்டறேன். அதுவரிக்கும் யாரும் வண்டிய தொடக்கூடாது. புரிஞ்சுதா டீச்சர்?"

புரிந்தது. சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். பிறகு நேராகப் பின்பக்கம் போனார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிரேக்கை லேசாக அமுக்கிப் பார்த்தார். அது பிடித்தது. சைலன்சர் பளபளத்தது. "பர்ரா! புது சைலன்சரு போட்ருக்க!" என்று சிரித்தார். வேலியண்டை நின்ற பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "பாத்தியாக்கா, நா இல்லாமயே எப்டி வச்சிக்கிறா பாரு" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

இரவு சாவி எங்கே என்று கேட்டார். எங்கோ வைத்தேன், காலையில் தேடித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமைக்கு ஒரு நாள்தானே இருக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு படுத்தேன்.

வெள்ளிக்கிழமை. அரையாண்டு லீவு. நான் அடிபம்பில் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஈர மண்ணில் டயர் தடம். சமையலறையில் அரிசிப் பானை மூடி திறந்து கிடந்தது. நான் சாவியைப் போட்டதை மகள் பார்த்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்பனும் பொண்ணும் முட்டுக்காட்டுக்குப் படகு பாக்கப் போறாங்க. பாப்பா டேங்க் மேல குந்திக்கினு டாட்டா காட்டிக்கினே போச்சு" என்றாள்.

குடம் இடுப்பிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. நனைந்த புடவையோடு, செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையைக் காட்டினேன், எதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் அவர்கள் இப்போது எங்கே இருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. கோவளம் சந்திப்பு. மீன் வண்டிகள் திரும்பும் இடம். அதைத் தாண்டினால் பாலத்துக்கு இறங்கும் ரோடு. அங்கே எல்லோரும் வேகமாகத்தான் போவார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ் நின்றது. உட்கார இடம் இருந்தும் முன்படிக்கட்டில் நின்றுகொண்டேன்.

"டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"என் பொண்ணு..." என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், ஈரப் புடவையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். பஸ்ஸின் வேகம் கூடியது.

கோவளத்தில் மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி அச்சு முறிந்து சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்க மணலில் வண்டி சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் ஆகாசத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பஸ் முழுசாக நிற்பதற்குள் குதித்துவிட்டேன்.

அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள். அவள் தாடையிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மாடு குறுக்க பூந்துச்சு. கை பிரேக்க இஸ்தேன், கையோட வந்துடுச்சு. கால் பிரேக்க மிதிச்சு மணல்ல இறக்கிட்டேன்" என்றார். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. கையில் அறுந்த கேபிள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகத்தால் வண்டியின் கைப்பிடிக் குழாயைச் சுரண்டினார். வெள்ளி உரிந்து அடியில் செம்பழுப்பு தெரிந்தது.

"யாரு பூசுனது?"

சொன்னேன். தார்ப்பாய், ஆஸ்பத்திரி, மெக்கானிக், கேபிள், அரிசிப் பானை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.

"வண்டி போனா போவுது. புள்ள போயிருந்தா?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீதானே கேட்ட?" என்றேன். அதுவரை நான் அவரை 'நீ' என்று சொன்னதே இல்லை. "புள்ள கண்ணத் தொறக்காம கெடக்குது. வண்டி எப்படி இருக்குன்னு நீதானே கேட்ட? உன் வண்டி துருப் புடிச்சிப் போச்சுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அவர் மகளின் தாடையில் தன் கைக்குட்டையை அமுக்கிப் பிடித்திருந்தார்.

"பாப்பாவ பத்தி இன்னொரு வார்த்தை கேட்டா நீ அழுதுடுவன்னு தோணுச்சு. நீ அழுதா அங்க குந்திக்கினு நா இன்னா பண்றது? அதான் வேற எத்தையாவது கேட்டேன். வாயில வண்டிதான் வந்துச்சு."

அதை நான் உடனே நம்பவில்லை. பாதி நம்பினேன். என் குற்றம் பெரிதா அவர் குற்றம் பெரிதா என்று எடை போடுகிற நேரமும் அது இல்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கோவளத்தில் இருந்த டாக்டரிடம் போனோம். மகளுக்கு மூன்று தையல். அவருக்கு எலும்பு முறியவில்லை, கட்டு மட்டும் போட்டார்கள்.

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடும்போது மட்டும் போதும், இன்னும் என்கிற வார்த்தைகள். மூன்றாம் நாள் காலையில் பின்பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, அந்த வெள்ளியையெல்லாம் உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் நீ தேய்" என்று ஒரு தாளை என்னிடம் நீட்டினார். உட்கார்ந்து தேய்த்தேன். வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காயவைத்து, மேலே கறுப்பு அடித்தோம். பொங்கல் தாண்டியும் அந்த வேலை நடந்தது. அதற்கிடையில் ஆஸ்பத்திரி நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வார்டு, எந்தப் பக்கக் கட்டில், அவள் எப்போது முதலில் கண் திறந்தாள், என்ன கேட்டாள் என்று. இட்டிலி கேட்டாள் என்றேன். தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் திரும்ப மஸ்கட்டுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையில் புதிதாக வந்த ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, மகன் பிறந்த பிறகு, வண்டியை விற்க நினைத்தோம். முதலில் வாங்க வந்தவர் செங்கல்பட்டுக்காரர். சுற்றிப் பார்த்து, நல்லா வைத்திருக்கிறீர்கள் என்றார். நான் இடுப்பில் குழந்தையோடு முன்னே போய், சீட்டுக்கு அடியில் இங்கே துரு இருக்கிறது, மட்கார்டின் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், பின்சக்கரத்தில் இரண்டு கம்பி பழசு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பயந்துபோய் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே போனார்.

மூன்றாவது ஆள் வரும் நாளில் என் கணவர், "நீ கொஞ்சம் உள்ள போய் டீ போடேன், புண்ணியமாப் பூடும்" என்றார். நான் போகவில்லை.