சேதன ஒருமைப்பாடும் குருநகர் நண்டு வலையும்

எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை ஒருவருக்கும் விளங்காத சொற்களில் சொல்லிக் கொடுப்பதுதான் சமூகவியல் படிப்பிப்பவரின் தொழில். வாசிக்கும் சக ஆசிரியர்களே, நீங்கள் எந்தப் பாடம் எடுத்தாலும் இந்தப் பாவத்தில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கிருக்கும் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாண நகரில் ஞாயிறு தோறும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்காரருக்கு வகுப்பு எடுக்கிறேன். கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு வரும் பெரிய ஆட்கள். போன வருடத்து வகுப்பில் இரண்டு பேரை என்னால் மறக்க முடியாது. ஒருவர் இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்யும் சிவநேசன் அண்ணை. வயதில் எனக்கு மூத்தவர். மற்றவர் குருநகர் ஜெசிந்தா. விடியற்காலையில் கணவரின் வள்ளம் கரைக்கு வந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளித்துச் சேலை மாற்றி, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தொண்டர் ஆசிரியையாகப் போகிறவர். ஒன்பது வருடமாகத் தொண்டர்தான். பட்டம் கையில் இருந்தால் நிரந்தர நியமனம் கிடைக்கும். மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டார். என்னுடைய பாடத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார், இரண்டு தடவையும் வேலைப்பிரிப்புக் கேள்வியில். மூன்றாவது தடவையும் போனால் பதிவு முடிந்தது. பட்டமும் இல்லை, நியமனமும் இல்லை.

குண்டூசி

வேலைப்பிரிப்புப் பாடம் ஒரு குண்டூசித் தொழிற்சாலையில் தொடங்கும். ஸ்கொட்லாந்து அறிஞர் ஒருவர் அந்தக் காலத்தில் எழுதி வைத்த உதாரணம். ஒருவன் கம்பியை இழுப்பான், அடுத்தவன் நிமிர்த்துவான், இன்னொருவன் நறுக்குவான், வேறொருவன் கூராக்குவான், ஊசியின் தலைக்கு மட்டும் தனி ஆட்கள். எல்லாவற்றையும் ஒருவனே செய்தால் நாளைக்கு ஓர் ஊசி தேறுவதே பெரிய பாடு. பிரித்துச் செய்தால் குவியல் குவியலாக வரும். இதைச் சொல்லும்போது நான் கையை வீசிக் கம்பி இழுத்தும் காட்டுவேன்.

இருபது வருடத்தில் இந்த இடத்தில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. சிவநேசன் அண்ணை கையை உயர்த்தினார். பின்னால் வந்த அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்த சங்கதியை அவர் ஒரே மூச்சில் கேட்டார்: “எல்லாம் சரி மிஸ், ஊசி கோணலா வந்தா ஆருக்கு ஏசுறது?”

பசளை

அடுத்து ஒரு பிரெஞ்சு அறிஞர் வருவார். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி நம்பிக்கை, அதனால் ஒட்டியிருக்கிற மனிதர்கள் ஒரு வகை. அது பொறிமுறை ஒருமைப்பாடு. ஆளுக்கொரு வேலை செய்வதால் ஒருவரை ஒருவர் விட்டு வாழமுடியாமல் ஒட்டியிருப்பவர்கள் இன்னொரு வகை. உடம்பின் உறுப்புகள் வெவ்வேறு வேலை செய்தும் ஓர் உயிராக இருப்பதுபோல. ஆகவே அது சேதன ஒருமைப்பாடு. எங்கள் நாட்டில் எரு, குழை போன்ற இயற்கை உரத்துக்குச் சேதனப் பசளை என்று பெயர், சேதனம் என்ற சொல்லை அந்தப் பசளைக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

சிவநேசன் அண்ணை பயிற்சித் தாளில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடையில் உரம் கிடைக்காத ஒரு வருடத்தில், மாடு வைத்திருந்தவர் எரு கொடுத்தாராம், வேலியில் பூவரசு நின்றவர் குழை வெட்டிக் கொடுத்தாராம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருந்தவர் ஏற்றி இறக்கினாராம். இப்படித்தான் சேதன ஒருமைப்பாடு உண்டானதாம். சிரித்துக்கொண்டே சுழியம் போட்டேன். வீட்டுக்குப் போய்த் திரும்ப வாசித்தபோது முகம் சுட்டது. சொல்லை மட்டும்தான் அவர் பிழையாகப் பிடித்திருந்தார், பொருளை என்னைவிடச் சரியாகச் சொல்லியிருந்தார். அடுத்த கிழமை சுழியத்தை வெட்டி இருபதுக்குப் பதினைந்து போட்டு மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பிரான்சிலையும் ஒருக்கா உரம் இல்லாமல் போயிருக்குமாக்கும் எண்டு நினைச்சிட்டன் மிஸ்.”

நண்டுக் கால்

தான் செய்கிற பொருளே தனக்கு அந்நியமாகிப் போவதைப் பற்றி ஒரு ஜெர்மன் அறிஞர் எழுதியிருக்கிறார். மிகக் கடினமான பகுதி. கரும்பலகையில் நாலு அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு கொட்டாவி விட்டது. ஜெசிந்தா மட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “விளங்கேல்லையோ?” என்று கேட்டேன். விளங்குகிறது என்றார். கலியாணத்துக்கு முன்னர் நண்டுச் சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடமொன்றில் வேலை செய்தாராம். அந்த நான்கு வருடத்தை அவர் ஒரு வரியில் சொன்னதும் நான் அம்புக்குறிகளை அழித்துவிட்டேன்: “உடம்புச் சதைக்கு வேறை ஆக்கள் மிஸ், நான் நாலு வருசமும் கால் மட்டும்தான்.”

உதாரணம்

வேலை ஒருவரின் திறமையைப் பார்த்து வராமல் பிறப்பைப் பார்த்துச் சுமத்தப்பட்டால், அந்த வேலைப்பிரிப்பு மனிதரைச் சேர்க்காது, பிரிக்கும் என்று அதே பிரெஞ்சு அறிஞர் சொல்கிறார். இதற்குக் கட்டாய வேலைப்பிரிப்பு என்று பெயர். உதாரணம் கேட்டேன். முப்பது பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தோட்டக்காரக் குடும்பம், கடற்கரைக் குடும்பம், ஊர்ப்பேரைச் சொல்லத் தயங்கும் குடும்பம் என்று எல்லாரும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், இந்த இடம் வந்தால் நான் இந்தியாவுக்கு ஓடிவிடுவேன். அங்கே இப்படி, அங்கே அப்படி என்று சொல்லி முடித்துவிடலாம், ஒருவர் மனமும் நோகாது. அன்றும் “இந்தியாவிலை...” என்று தொடங்கினேன். ஜெசிந்தா எழும்பினார். குரலை உயர்த்தவில்லை. “அவ்வளவு தூரம் ஏன் மிஸ் போறியள்? உதாரணம் எல்லாருக்கும் தெரியும், அதுதான் ஒருத்தரும் சொல்லேல்லை.”

கரையில் வகுப்பு

சோதனைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது நண்டு அள்ளிக்கொண்டு வரத் தொடங்கியது. ஜெசிந்தா இரண்டு ஞாயிறு வரவில்லை. சிவநேசன் அண்ணை என்னிடம் கேட்கவும் இல்லை. என்னுடைய குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் குருநகருக்குப் போய்விட்டார். கேள்விப்பட்டு நானும் மறுநாள் காலை போனேன்.

வலையை விரித்துப் போட்டு ஏழெட்டுப் பெண்கள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். விரலைக் கடிக்கவும் விடாமல், நூலை அறுக்கவும் விடாமல் அவர்கள் கழற்றும் வேகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நடுவில் இணுவில் மனிதர் ஒரு கவிழ்த்த பெட்டியில் குந்தியிருந்து பொறிமுறை, சேதனம் என்று உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வள்ளக்காரரின் மனைவி மேரியக்கா எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஜெசிந்தாவின் கையில் இருந்த வலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். சோதனை முடியும்வரை அந்த வலையைத் தாங்களே மாறி மாறிக் கழற்றுவதாக அங்கேயே தீர்மானமாகிவிட்டது. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்: “இதுக்கோ பிள்ளை நீ ரெண்டு தரம் பெயில் விட்டனி?”

மூன்றாவது தடவை

கேள்வி வந்தது. வேலைப்பிரிப்பு மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா, உதாரணங்களுடன் ஆராய்க. மண்டபத்துக்கு வெளியே ஜெசிந்தாவைப் பிடித்து என்ன எழுதினார் என்று கேட்டேன். மூன்று கிழமையாகத் தன் வலையைக் கழற்றிய பெண்களைப் பற்றி எழுதினாராம். எந்த ஒருமைப்பாட்டின் கீழ் என்று கேட்டேன். ஒரே வேலை செய்கிறவர்கள் என்பதால் பொறிமுறையில் போட்டுப் பார்த்தாராம். தனக்குப் படிப்பு, அவர்களுக்கு வலை என்று பிரித்ததால் சேதனத்திலும் போட்டுப் பார்த்தாராம். “கடைசியிலை ரெண்டும் காணாது எண்டு எழுதிட்டன் மிஸ்” என்றார். பிரெஞ்சு அறிஞர் போதாது என்று எழுதிவிட்டு வந்து நிற்கிறார்! ஒன்பது வருடமும் போயிற்று என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

பெறுபேறு வந்த காலை இருவரின் இலக்கத்தையும் தேடினேன். சிவநேசன் அண்ணை சித்தி. ஜெசிந்தா அதற்கும் மேலே, திறமைச் சித்தி, வகுப்பிலேயே அவர் ஒருவர்தான். போன் எடுத்தேன். காற்றும் பெண்களின் சத்தமுமாக இருந்தது. “ஜெசிந்தா, பாத்தீங்களே?” என்று கத்தினேன். மறுபக்கம் அவரும் கத்தினார்: “ஓம் மிஸ், பாத்தன், அழுதும் முடிச்சிட்டன்! மேரியக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, அவவின்ரை வலையும் இண்டைக்கு என்ரை கையிலை, பிறகு கதைக்கிறன்!”

இருபது வருடமாக வேலைப்பிரிப்புப் படிப்பித்து வருகிறேன், அதில் எனக்குப் பிரித்துத் தந்த வேலை வரவு இடாப்பில் பெயர் கூப்பிடுவது மட்டும்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது.