இழுத்துப் பார்த்த வயர்கள்

அக்கா இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. வருஷாப்திகத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அக்கா வயரிங் செய்த விமானத்தை அடுத்த வாரம் அவர் கணவர், என் அத்திம்பேர், முதல்முறையாக ஓட்டப்போகிறார். என் மனசு பாதி அங்கே இருக்கிறது. எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மாட்டுங்காவில். அப்பா கிளார்க். வீட்டில் ஃப்யூஸ் போனால் அப்பா மெழுகுவத்தி தேடுவார், அக்கா ஸ்டூல் தேடுவார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்ததும் செம்பூரில் ஸ்விட்ச்போர்டு செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். "எல்லாரும் ஆபீஸ் போற குடும்பத்துல இவ மட்டும் ஏன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிண்டு போறா?" என்று அம்மா அழுதார். அக்கா ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிப் போனார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார், கடைசியில் டெஸ்டிங் முழுக்க அவர் பொறுப்பில்.

கறார் பேர்வழி. வயர் நுனியில் லக் என்ற உலோக முனையை மாட்டி, கருவியால் நசுக்கிப் பிடிக்க வைப்பதுதான் கிரிம்பிங். நசுக்கியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கழன்று வந்தாலும் போச்சு, அதோடு செய்த கட்டு முழுவதையும் வெட்டச் சொல்லிவிடுவார். ஒருமுறை முதலாளியே வந்து, "மேடம், பாக்கி சப் டீக் ஹை!" என்று, மிச்சமெல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிக் கெஞ்சினாராம். "இன்னிக்கு டீக் ஹை. நாளைக்கு?" என்று கேட்டுவிட்டுக் கட்டரை நீட்டினாராம் அக்கா.

விமானம் அத்திம்பேரின் பைத்தியம். வேலையில் இருக்கும்போதே பைலட் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு கோபர்கைரனேயில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைச் சேர்த்து இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்ட ஆரம்பித்தார். "வயரிங்கை மட்டும் நீங்கோ தொடப்படாது" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கும் விளக்கிச் சொன்னார். விமானத்தின் உடம்பு ஃபைபர். போன கரண்ட் உடம்பு வழியாகத் திரும்பாது, தனி வயர் போட்டுத்தான் பேட்டரிக்குக் கொண்டுவர வேண்டும். "வீட்டுல மாதிரி எர்த் குடுக்கலாமேன்னு கேக்காதே. ஆகாசத்துல எர்த்துக்கு எங்கேடா போறது?" அந்த எஞ்சினுக்குப் பொறியும் கரண்டில், பெட்ரோல் பம்பும் கரண்டில். கரண்ட் போனால் எஞ்சினும் போச்சு.

"நின்னுட்டா?"

"எறங்கணும்."

"எங்கே?"

"அதாண்டா கேள்வி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேஸை அணைத்தேனா என்று சயான் ஸ்டேஷனிலிருந்து சுனாபட்டி வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். அதனால்தான் இழுத்துப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். "தைரியசாலி ஒப்புக்கு இழுப்பான். நீ பயந்தாங்கொள்ளி, உசிரைக் குடுத்து இழுப்பே."

பிறகு நோய் வந்தது. மருந்து ஏற ஏற அக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. காபி டம்ளரின் சூடுகூடத் தெரியவில்லை. அப்படியும் பேனலுக்குப் பின்னால் வரும் கடைசிக் கட்டு வயர்களைக் கட்டிலில் உட்கார்ந்தே முடித்தார். நான் அவற்றை இழுத்துப் பார்ப்பதற்குள் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அக்கா வீடு திரும்பவில்லை.

சில மாதம் கழித்து அத்திம்பேரும் நானும் ஷெட்டுக்குப் போனோம். அதற்குள் அத்திம்பேர் மாட்டி வைத்திருந்த அந்தக் கட்டின் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயர் லக்கை விட்டுக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. ஐயோ, அந்தக் கணம்! கருவி சரியாகத்தான் நசுக்கியிருந்தது. வயர் லக்குக்குள் முழுசாக நுழையவில்லை. மரத்துப்போன விரலுக்கு அது எப்படித் தெரியும்?

"யானைக்கும் அடி சறுக்கும்டா. இதை மட்டும் மாத்திடறேன்" என்றார் அத்திம்பேர்.

மிச்சத்தையும் இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா? எல்லாம் கெட்டியாத்தானே இருக்கு!"

"அத்திம்பேர், கட்டு முழுக்க வெட்டணும்."

"அவ கடைசியாப் பண்ணினதுடா. என்கிட்ட வேற என்ன இருக்கு?"

"நேக்கும் தெரியும். ஆனா வெட்டணும்."

"என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார்.

விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. இழுத்தால் வராதது ஏன் பறக்கும்போது வரப்போகிறது? ஆனால் நான் இழுத்தது தரையில் நின்றுகொண்டு, எஞ்சின் அதிர்வு இல்லாமல். கட்டரை எடுத்தேன். வாய்விட்டு அழுதேன், அழுதுகொண்டே எல்லாவற்றையும் வெட்டினேன். உள்ளே வந்த அத்திம்பேர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பல வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே போன் பண்ணினார். "புது வயர் வந்தாச்சு. நான் கிரிம்ப் பண்றேன், நீ இழு." அப்படியே முடித்தோம்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், சமைக்க ஆளில்லாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த கோபர்கைரனே அக்கம்பக்கத்தாருக்கும், புது வயரிங்கை வந்து சோதித்துக் கொடுத்த அக்காவின் பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

உறவினர்கள் பலர், "நீ சொன்னாத்தான் கேப்பார், போக விடாதே" என்கிறீர்கள். சொல்லமாட்டேன். அக்காவின் கைவேலையை விமானத்தில் அப்படியே வைத்துக் கும்பிட எனக்கும் ஆசை இருந்தது. அக்கா கேட்டது கும்பிடு இல்லை, அத்திம்பேர் பத்திரமாக இறங்குவது. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை.

முதல் பறத்தலில் அவர் தனியாகத்தான் போக வேண்டும். நான் ஓடுபாதை ஓரத்தில் நிற்பேன். அவர் இறங்கி, கதவைத் திறந்து, "பசிக்கறதுடா" என்று சொன்னதும் நானே உங்கள் எல்லோரையும் கூப்பிடுகிறேன். அதுவரை தயவுசெய்து யாரும் எனக்குப் போன் பண்ணாதீர்கள். மணி அடித்தால் நான் தாங்கமாட்டேன்.