எக்ஸ்ரே அக்காவும் தலையாட்டும் மாமாவும்

என் அக்காவுக்குக் கடையில் எக்ஸ்ரே என்று பெயர். மாடி மாடியாக எழும்பிய பெரிய கடை அது. அங்கே கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. திரையில் படம் வரும், சத்தம் வராது. அதனால் யார் என்ன பேசுகிறார்கள் என்று அவள் கவலைப்படுவதில்லை, உடம்பைத்தான் பார்ப்பாள். பழகிய இருவர் பேசினால் ஒருவர் சாயும்போது மற்றவரும் சாய்வாராம். ஒருமுறை, ஒருவரையொருவர் தெரியாதது போல வரிசையில் நின்ற இரண்டு பேர் ஒரே நேரத்தில் கால் மாற்றி நின்றார்கள். ஓடிப்போய்ப் பிடித்து, இரண்டு பேர் பையிலிருந்தும் ஷாம்பு பாட்டில்களாக எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தேகம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. என் வீட்டுக்கு வந்தால் நானும் என் கணவரும் பேசுவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "என்னடி, நேத்து சண்டையா?" என்பாள். சண்டைதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் போனில் அழுதாள்.

"உங்க மாமா மாறிட்டாருடி. அடுப்படியில நின்னு தொண்டை கிழிய கத்தறேன், மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"ஆம்பளைங்க எல்லாருமே அப்படித்தான்க்கா."

"வீட்லதான் இப்படிக் கல்லு மாதிரி இருக்காரு. எங்க கடையில ஒருத்திகிட்ட எப்படி இளிக்கறாருன்னு வந்து பாரு, தெரியும்."

அக்காவின் கணவரான மாமா ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுபவர். அவருக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அக்கா பதிவான படத்தைத் திரையில் ஓடவிட்டாள். செல்போன் விற்கும் பகுதி. மாமாவுக்கு எதிரே விற்பனைப் பெண். அவள் தலையாட்டினாள், மாமாவும் தலையாட்டினார். அவள் சிரித்தாள், இவரும் சிரித்தார். அவள் குனிந்தாள், இவரும் குனிந்தார்.

"இது ஒரு நாள் பழக்கம் மாதிரி தெரியலையேக்கா."

"பெட்டி கட்டி வெச்சுட்டேன். சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்துடறேன். இனிமே அந்த மனுஷன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாளா? யார் முதலில் இளிக்கிறார்கள் என்று பார்க்க, படத்தை மெதுவாக மறுபடி ஓட்டினாள். பிறகு மறுபடியும். அவள் முகம் மாறியது.

"பழகினவங்கன்னா ஒரு தடவை இவரு ஆரம்பிப்பாரு, ஒரு தடவை அவ ஆரம்பிப்பா. இங்க எல்லாத்தையும் அவதான் ஆரம்பிக்கறா. இவரு பின்னாலயே போறாரு."

திரையில் அந்தப் பெண் பேசிக்கொண்டே அலமாரிப் பக்கம் திரும்பினாள். மாமா வெறுமனே நின்றார், முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் திரும்பி வந்து தலையாட்டியதும் அவசரமாகத் தலையாட்டினார். அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போனோம். கட்டிய பெட்டி வாசற்கதவோரம் இருந்தது. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வீடு தீப்பிடிச்சிருச்சு" என்றாள் அக்கா, சத்தமாகவே.

மாமா பக்கத்தைப் புரட்டினார்.

அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள். சிரித்துக்கொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னாள்: "உங்களை விட்டுட்டு வேற யாரையாவது கட்டிக்கப் போறேன். சரிதானே?"

மாமாவும் சிரித்தார், தலையாட்டினார். "சரி சரி, பண்ணிடலாம்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"எவ்வளவு நாளா கேக்கல?"

மாமா பேப்பரை மடித்தார், மடித்ததையே மறுபடி மடித்தார்.

"பட்டறையில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் யாரு தலையாட்டினாலும் நானும் ஆட்டிக்கிட்டு ஓட்டறேன். நீ கூப்பிட்டா எடுக்கணுமேன்னு உன் கடையில சத்தமா அடிக்கற போன் கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உன்கிட்ட மட்டும் வீட்ல நடிச்சதில்ல, இப்ப உன் தங்கச்சி நிக்கவும்தான் தலையாட்டினேன். ஊர்ல இருக்கறவனையெல்லாம் பாத்தே கண்டுபிடிக்கறவ, நீ என்னையும் கண்டுபிடிச்சுடுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வராமல் மூடினாள்.

மாமாவும் வாயைத் திறந்து மூடினார்.