திருத்தாத படங்கள்

என் தங்கச்சி ஸ்டூடியோவில் முகம் திருத்துபவள். யார் வந்து உட்கார்ந்தாலும் "கழுத்தை நேரா வைங்க" என்பாள். படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் பருவை அழிப்பாள், ஏறி இறங்கிய தோளைச் சமப்படுத்துவாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவள் முகமோ சில வருடங்களாக இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வலக் காதுக்கு முன்னால், தாடை மூட்டில், எலும்பின் முனை நிற்காமல் வளர்ந்து மோவாயைத் தள்ளியது. பல்லோடு பல் சேரவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்தே சமாளித்தாள். நான் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "இன்னும் வளருதான்னு இதுல உறுதியா தெரியல. வளருதுன்னா அந்த முனையைச் சீவி எடுக்கணும். நின்னுபோச்சுன்னா மூட்டைத் தொடவே வேண்டாம், தாடையை நேர் பண்ணினா போதும். தப்பா முடிவு பண்ணினா திரும்பக் கோணிக்கும். பழைய போட்டோ எல்லாம் கொண்டு வாங்க."

வீட்டில் ஆல்பம் ஆல்பமாக இருந்தது. எல்லாவற்றிலும் அவள் முகம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர். தன் படம் ஒன்றையும் அவள் திருத்தாமல் விட்டதில்லை.

"உன் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்றேன். எனக்கு அப்படி ஒரு கோபம்.

"இப்ப என்னக்கா பண்றது?" என்றாள். பயந்துபோயிருந்தாள்.

என் போனை அவள் மடியில் போட்டேன். சாப்பிடும்போது, தூங்கும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது என்று வருடம் வருடமாக நான் எடுத்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன். நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட நான் என்ன உனக்குத் தங்கச்சியா?"

டாக்டரம்மா அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தார். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில்கூட மோவாய் நகர்ந்திருந்தது. சந்தேகம் தீர்ந்தது. முனையைச் சீவி, தாடையையும் நேராக்கினார்.

வீக்கம் வடிந்ததும் போனை நீட்டினேன். பழக்கதோஷம், தலையைச் சாய்த்தாள். நேரான முகம் படத்தில் கோணலாக விழுந்தது.

"கழுத்தை நேரா வைங்க மேடம்" என்றேன்.

சிரித்தபடி நிமிர்ந்தாள். எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கை தானாக மோவாயைத் தடவியது.

"அக்கா, இதை மட்டும் அழிச்சிடாத."

"எதைத்தான் அழிச்சேன், இதை அழிக்கறதுக்கு?" என்றேன்.