வெண்பன்றிச் செய்திகள் வாசிப்பது ராசாத்தாள்

நம்பியூருக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறார் ராசாத்தாள். ஐம்பதைத் தாண்டியவர். தினமும் காலையில் கொட்டகையைக் கழுவி, தீவனம் வைத்து, கை காலைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு, கைப்பேசியை எடுத்து வாட்ஸப்பில் செய்தி வாசிக்கிறார். போவது குரல் மட்டும்தான், தலை வாருவது எதற்கு என்று கணவர் நஞ்சுண்டன் ஒருமுறை கேட்டார். "செய்தின்னா ஒரு மருவாதி வேண்டாமுங்களா?" என்று பதில் வந்தது. நஞ்சுண்டன் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கற்றுக்கொண்ட தற்காப்புக் கலை அது.

துடியலூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரை, இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் அந்தச் செய்தியைக் கேட்கிறார்கள். ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் பன்றி வளர்ப்பவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. வெண்பன்றி வளர்ப்பவர்கள்தான் உண்டு. கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் அந்த வெண்பன்றியும் காணாமல் போய், "ஃபார்ம் வெச்சிருக்கறாங்க" என்று ஆகிவிடும். ராசாத்தாளின் மகள் ரித்திகாவுக்கும் அப்படித்தான் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் துடியலூரில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். நிச்சயத்துக்கு முன்னால் தோட்டம் பார்க்க வந்தவரின் காதில் கொட்டகைச் சத்தம் விழுந்தது. ஒரு கணம் நின்றார். "சத்தம் போடாத தொழில் ஏதுங்க, எங்க மோட்டாரும் சத்தம்தான் போடுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை ராசாத்தாளுக்குப் பிடித்துப்போனது. தன்னிடம் ஒரு குட்டிகூட இல்லாவிட்டாலும், சம்பந்தியம்மா வாசிக்கிறார் என்பதற்காகத் தினமும் வெண்பன்றிச் செய்தியை முழுதாகக் கேட்கும் ஒரே பம்ப்செட் வியாபாரி அவர்.

செய்தியில் உயிர் எடை விலை வரும், மக்காச்சோளமும் தவிடும் ஏறியதா இறங்கியதா என்பது வரும், கேரளத்து வியாபாரிகள் எந்தப் பக்கம் சுற்றுகிறார்கள் என்பது வரும். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்கவைக்காமல் போடுகிறவர்களுக்கு ஒரு திட்டும், வெயில் காலத்தில் தண்ணீர் தெளிக்க மறந்தவர்களுக்கு இன்னொரு திட்டும் கடைசியில் வரும். திட்டு முழுவதும் 'ங்க' போட்டுத்தான். கேட்பவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

போன வைகாசியில் ஒரு காலை, அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. கோபிப் பக்கம் நம்ம பாலுசாமி அண்ணன் பண்ணையில அஞ்சாறு உருப்படி திடீர்னு செத்துப்போச்சுங்க. காதெல்லாம் செவந்து, காச்சலோட. டாக்டருங்க வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்கறாங்க. ஆப்பிரிக்கக் காச்சலா இருக்கும்னு சந்தேகப்படறாங்க. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா பன்னிக்கு வந்துதுன்னா மருந்து கெடையாது, பட்டியே காலியாயிரும். செருப்புல வரும், வண்டிச் சக்கரத்துல வரும். அதனால யாரும் பாலுசாமி அண்ணன் ஊட்டுக்குப் போகாதீங்க. போன்ல கேட்டுக்கங்க."

எல்லோரும் கடைசி வரைக்கும் கேட்டார்கள். கேட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு பாலுசாமி வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொங்கு நாட்டில் ஒருவருக்குக் கஷ்டம் என்று காதில் விழுந்த பிறகு, நேரில் போய் முகம் காட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம்தான் உண்டு. போகவேண்டியவரே செத்திருக்க வேண்டும். வந்தவரைப் பத்து வருடத்தில் மறந்துவிடுவார்கள். வராதவரைப் பேரன் காலத்திலும் மறக்க மாட்டார்கள். ஆகவே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஆட்கள் போனார்கள். ஹார்லிக்ஸ் யாருக்கு என்று பாலுசாமியும் கேட்கவில்லை, கொண்டுபோனவர்களும் சொல்லவில்லை. அவரும் மரியாதை தெரிந்த மனிதர். வந்தவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுவாரா? ஒவ்வொருவரையும் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, "ச்சூ" கொட்டி, காப்பி குடித்து, அவரவர் பண்ணைக்குத் திரும்பினார்கள். ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல வழியனுப்பு விழாவை யாராலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ராசாத்தாளின் பண்ணையில் அப்போது தாய்ப்பன்றிகள் அத்தனையும் நிறைசினையாக இருந்தன. அந்த ஈற்றை நம்பித்தான் அடுத்த வருடம் இருந்தது. காய்ச்சல் உள்ளே வந்தால் குட்டியும் இல்லை, தாயும் இல்லை. கொட்டகையைக் கழுவி மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். அவர் வாசல் கதவைப் பூட்டினார். கதவுக்கு முன்னால் சாக்கை விரித்து பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றினார். விடிந்ததும் முதல் வேலையாக ஒவ்வொன்றின் காதையும் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, சிவப்பும் இல்லை.

சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. சென்னியப்பன் இறங்கினார். கூடவே மதன்குமார். இன்ஜினியரிங் படித்துவிட்டு அந்தியூர் ரோட்டில் பண்ணை வைத்திருக்கும் பையன். இருவர் முகத்திலும் துக்கம் விசாரித்துவிட்டு வந்த நிம்மதி தெரிந்தது.

"வாங்கண்ணா, வாங்க வாங்க" என்று ராசாத்தாள் ஓடிவந்தார். ஓடிவந்தவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். "நல்லா இருக்கறீங்களா? ரித்திகா எப்படி இருக்கறா? அங்கயே நில்லுங்க."

சென்னியப்பன் கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "சாவி தொலைஞ்சுபோச்சுங்களா, அம்மணி?"

"இடுப்புலதானுங்கண்ணா இருக்குது. பாலுசாமி அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாரீங்களா?"

"பின்ன, போகாம இருக்க முடியுமா? செய்தியே நம்ம ஊட்டுல இருந்துதான் வந்துது. நாமளே போகலைன்னா நல்லாவா இருக்கும்?"

"போகாதீங்கன்னுதானுங்களே அந்தச் செய்தி."

"அது பன்னிக்காரங்களுக்குச் சொன்னது. என்றகிட்டப் பன்னி எங்க இருக்குது?"

ராசாத்தாள் மதன்குமாரைப் பார்த்தார். மதன்குமார் ஒரு தீர்வு சொன்னான். "அக்கா, நாங்க செருப்பக் காருக்குள்ள கழட்டிப் போட்டுட்டு வாரோம். கொட்டகைப் பக்கமே வரமாட்டோம். சித்த நேரம் உக்காந்துட்டுப் போயிர்றோம்."

"உன்ற பேன்ட்டுல ஒட்டியிருக்கறதுக்கு உக்காந்தா என்ன, நின்னா என்ன, கண்ணு? நீ படிச்ச பையன். நேரா ஊட்டுக்குப் போயி, குளிச்சு, துணிய வெந்நீர்ல முக்கிப்போடு. அதுக்கு முன்ன உன்ற பட்டிக்குள்ள காலை வெச்சிராத."

நஞ்சுண்டன் காப்பி கொண்டுவந்தார். கதவுக் கம்பிக்கு நடுவில் டம்ளர் நுழையவில்லை. கதவுக்கு மேலாக நீட்டினார். சம்பந்தி ஒருவர், மகனைப் பெற்றவர், தெருவில் நின்று, கதவுக்கு மேலே கையை நீட்டி வாங்கிக் காப்பி குடிக்கும் காட்சியை அந்த வழியே போன பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். சென்னியப்பன் காப்பியை முழுதாகக் குடித்தார். டம்ளரை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"வாரேன் மச்சான்" என்று நஞ்சுண்டனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ராசாத்தாள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பொழுது விடிவதற்குள், ராசாத்தாள் சம்பந்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் என்ற செய்தி கோபி வரை போய்விட்டது. இது வெண்பன்றிச் செய்திகளைவிட வேகமான சேவை. அதன் பலனாக ஒரு புது ஆபத்து கிளம்பியது. சமாதானம் பேச ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி. இன்னொருவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தரகர். ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் கதவைத் தட்டுவார்கள். "சின்ன வெசயத்தப் பெருசு பண்ணலாமுங்களா?" என்பார்கள். பேச்சுக்கு நடுவில், வரும் வழியில் பாலுசாமியையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். கதவைப் பூட்டியதால் வந்தவர்களைத் தடுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் மேலும் சிலர் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கதவு மேல் காலை வைத்து ஏறவே பார்த்த அன்றைக்கு, ராசாத்தாள் பேசாமல் தோட்டத்துக்குள் போனார். வேப்பங்கொத்து இரண்டை ஒடித்துவந்து, கதவின் இரண்டு பக்கமும் கட்டினார்.

அவ்வளவுதான். ரோட்டில் வந்த வண்டிகள் தோட்டத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வேப்பிலையைப் பார்த்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயின. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்றால் யாரும் உள்ளே போகமாட்டார்கள், கதவைத் தட்டமாட்டார்கள், வெளியே நின்று பேசக்கூட மாட்டார்கள். போகாததற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். கால்நடைத் துறைக்காரர்கள் துண்டுப் பிரசுரம் அடித்து, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியும் நடக்காத அத்தனை கட்டுப்பாடும் இரண்டு கொத்து இலையில் நடந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த நஞ்சுண்டன், "இதை மொதல் நாளே கட்டியிருக்கலாமே" என்று சொல்ல வாயெடுத்தார். தற்காப்புக் கலை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

இலை வாடுவதற்குள் சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது. குரல் இளகியிருந்தது.

"ஏனம்மணி, ஆத்தா வந்திருக்கறாங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறேன்? எனக்கு மனசே கேக்கலை. யாருக்குப் போட்டிருக்குது, உனக்கா, மச்சானுக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சண்டை அன்றோடு தீர்ந்துவிடும், ரித்திகா நிம்மதியாக இருப்பாள். ராசாத்தாள் கொஞ்சம் யோசித்தார். தினமும் தலை வாரிக்கொண்டு செய்தி வாசிப்பவருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கண்ணா. பன்னிக்கு ஒண்ணும் வந்தரக் கூடாதுன்னுதான் கட்டினேன். ஆத்தா கோவிச்சுக்கமாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்."

"பன்னிக்கு வேப்பிலை" என்று சென்னியப்பன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "செரிம்மணி" என்று போனை வைத்தார். அது எந்தச் செரி என்று ராசாத்தாளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் பாலுசாமி பண்ணைச் சோதனை முடிவு வந்தது. சந்தேகப்பட்ட காய்ச்சல்தான். அவர் பட்டியிலிருந்த அத்தனை பன்றிகளையும் அதிகாரிகள் கொன்று குழிதோண்டிப் புதைத்தார்கள். அதற்குச் சில நாள் கழித்து, மதன்குமாரின் பண்ணையிலும் காது சிவந்தது. அவன் குளிக்கத்தான் செய்தான், துணியையும் மாற்றினான். ஆனால் செருப்பை மாற்றவில்லை. ராசாத்தாளுக்கு அவனே போன் செய்து சொன்னான். செய்தியில் தன் பெயரைச் சொல்லியே வாசிக்கும்படியும் கேட்டுக்கொண்டான். மறுநாள் அவர் வாசித்தார். விலை நிலவரம் சொல்லவில்லை, யாரையும் திட்டவுமில்லை. "அவன்கிட்டப் பேசணும்னா போன்ல பேசுங்க. போகணும்னு தோணுச்சுன்னா ரெண்டு வேப்பங்கொத்த ஒடிச்சு உங்க வாசல்ல கட்டிட்டு, ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கங்க" என்று மட்டும் முடித்தார்.

இந்த முறை யாரும் போகவில்லை. துடியலூர் வரைக்கும் பண்ணை வாசல்களில் வேப்பிலை தொங்கியது. ஊரெல்லாம் அம்மை என்று கேள்விப்பட்டு, சுகாதார நிலையத்து நர்ஸ் யுவஸ்ரீ ஸ்கூட்டியில் ஒவ்வொரு தோட்டமாக வந்து விசாரித்தார். விவரம் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு ஒரு கொட்டகையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. மரியாதையோடு மறுத்து அனுப்பினார்கள்.

மதன்குமாரைப் பாலுசாமி வீட்டுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனது யார் என்பதைச் சென்னியப்பனுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. அவர் காரைக் கழுவக் கொடுத்தார். ஒருமுறை அல்ல. கார் கழுவும் கடைக்காரரே, "அண்ணா, இனி கழுவுனா பெயின்ட் வந்துரும்" என்று சொல்லும்வரை கொடுத்தார். அன்றைக்குப் போட்டிருந்த செருப்பைத் தூக்கி எறிந்தார். இதெல்லாம் ரித்திகா அம்மாவுக்குச் சொன்ன தகவல்கள்.

ஆனி முடியும் சமயத்தில் ராசாத்தாளின் கொட்டகையில் முதல் தாய்ப்பன்றி ஈன்றது. மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. காதுகள் குளிர்ந்தே இருந்தன. குட்டிகள் மடிக்குச் சண்டை போட்டன. ராசாத்தாள் வைக்கோல் போட்டு, பல்பு கட்டி, கை கழுவி, தலை வாரி, செய்தி வாசிக்க உட்கார்ந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. துக்கத்துக்கே அப்படிக் கிளம்பியவர்கள், குட்டி போட்டது தெரிந்தால் வராமல் இருப்பார்களா? வேப்பிலைக்குக் கட்டுப்பட்டவர்கள்கூட, நல்ல செய்தி என்றதும் பூவும் சர்க்கரையுமாகப் புறப்பட்டுவிடுவார்கள். காய்ச்சலோ இன்னும் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே அன்றைய செய்தியில் மக்காச்சோளம் வந்தது, மழை வந்தது, கேரளத்து வியாபாரிகள் வந்தார்கள். அந்த வருடத்தின் நல்ல செய்தி மட்டும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சென்னியப்பன்.

"அம்மணி, செய்தி கேட்டேன். மக்காச்சோளம் ஏறிப்போச்சுன்னு சொல்றபோது இத்தனை சந்தோசமா ஆரும் சொல்லி நான் கேட்டதில்லை. குட்டி போட்டிருச்சா?"

கொட்டகையில் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். ராசாத்தாள் கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றினார்.

"இல்லீங்கண்ணா. போடலீங்க."

"அப்படியா" என்றார் சென்னியப்பன். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "செரி, நான் ஆருகிட்டயும் சொல்லலை. வரவும் மாட்டேன். போடாத குட்டியெல்லாம் நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார் ராசாத்தாள். "தாயும் நல்லா இருக்குதுங்க."