சிவப்பு நூல் போட்ட செருப்பு

"துணியைக் கொண்டு போ, வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போ" என்பார்கள் அந்தத் தெருவில், ஆல்டரேஷன் அக்காவின் கடைக்குக் கிளம்புகிறவர்களிடம். பேண்ட் இடுப்பைப் பெரிதாக்கக் கொடுத்தவரிடம், "துணி மேல குத்தம் சொல்லாதீங்க சார், தொப்பைய முதல்ல விசாரிங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். ஆனாலும் கூட்டம் குறையாது. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் அகலத்தில் கடை; உள்ளே இரண்டு மெஷின். ஒன்று அவளுடையது. இன்னொன்று மகள் உட்காருவாள் என்று ஆசைப்பட்டு வாங்கியது. மகளோ, "உன் பக்கத்துல உக்காந்தா என் வாயையும் சேத்து தச்சிருவே" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

வாலு பதினோராம் வகுப்பில் இருந்தபோது கடைத்தெருவின் பெரிய செருப்புக் கடையில் சனி, ஞாயிறு மட்டும் வேலைக்குப் போனாள். அந்தக் கடையில் ஒரு வழக்கம். வேலைக்கு வருகிறவர்கள் சொந்தச் செருப்பைப் பின்கதவுப் பக்கத்து ரேக்கில் கழற்றிவிட்டு, கடையின் புது மாடலைப் போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். வாங்க வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமாம். வீட்டுக்குக் கிளம்பும்போது துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவளுடைய வலது செருப்பின் வார் விட்டுப்போயிருந்தது. கறுப்பு நூல் தீர்ந்திருந்ததால் அம்மா சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள். "ஆபரேஷன் பண்ண மாதிரி இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே போனாள் வாலு. சாயங்காலம் குடோனிலிருந்து ஒரு ஜோடி எடுத்து வரப் போனவள் திரும்பி வரவில்லை.

அம்மா ஓடி வந்தபோது மேனேஜர் உண்மையிலேயே பதறிப்போயிருந்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ரேக்கில் கிடந்த வாலுவின் செருப்பை ஒரு கவரில் போட்டு, "வச்சுக்கங்கம்மா, வந்துருவா" என்று கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவள் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், அதிலிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவி ஜன்னலோரம் காயவைத்தாள். பிள்ளை வந்தால் போட்டுக்கொள்வாளே.

மறுநாள் போலீஸ் வந்து பார்த்தபோது ரேக்கில் வாலுவின் செருப்பு இல்லை. சொந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக, தன் விருப்பத்தின் பேரில் போயிருக்கிறாள் என்று எழுதிவிட்டார்கள். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள் அம்மா. இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளிச்சுன்னு கழுவி வச்சிருக்கீங்க. இது அன்னைக்குப் போட்டதுதான்னு எப்படிம்மா நம்புறது? நூல நீங்க இன்னைக்குக் கூடப் போட்டிருக்கலாம்."

மேனேஜரைக் கேட்டார்கள். அதற்குள் முதலாளி அவரிடம் பேசியிருந்தார். "எதையும் குடுத்ததா ஞாபகம் இல்ல சார்" என்றார்.

கடைக்குள்ளிருந்து காணாமல் போனாள் என்றால் கடை பதில் சொல்ல வேண்டும். தானாகப் போனாள் என்றால் பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டால் போதும். இவள் குனியவில்லை. "பொண்ணு ஓடிப்போச்சாமே" என்று துக்கம் விசாரிக்கிற பாவனையில் வந்தவளிடம், "ஓடுறவ செருப்ப விட்டுட்டா ஓடுவா? தோ, நீ இங்க வம்பு பேச வர்றதுக்கே செருப்பு போட்டுட்டுதான வந்திருக்க?" என்று கேட்டு அனுப்பினாள்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மகளின் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போய், வாங்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பு ஓர் அளவு சின்னது. குதிகால் வெளியே தொங்கும். புருஷன் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாத மனுஷன். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"காலெல்லாம் புண்ணாகுது. கைல கொண்டு போனா ஆகாதா?"

"கைல இருந்தா யாருங்க பாக்கப் போறா? அந்தக் கடையில எல்லாரும் காலத்தான பாப்பாங்க."

அவர் அவள் குதிகாலுக்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டி, பைக்கில் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு வருஷம் ஓடியது. கடைக்குப் புது விளக்கு, புதுக் கண்ணாடி எல்லாம் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இனிமே வாங்குறவங்க மட்டுந்தாம்மா உக்காரணும். புது ரூல்."

"அதுக்கென்ன, நானும் வாங்கத்தான் வந்தேன். இதே மாதிரி ஒரு ஜோடி காட்டுங்க" என்று காலை நீட்டினாள்.

எதிரே இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சேல்ஸ் பெண்ணைக் கூப்பிட்டார். "அளவெடு. அந்தப் பழசக் கழட்டி வெளிய வை."

அந்தப் பெண் வாலுவோடு வேலை பார்த்தவள். இத்தனை நாளும் ஆல்டரேஷன் அக்கா உள்ளே வந்தாலே மாடிக்கு நழுவிவிடுவாள். இப்போது காலடியில் மண்டி போட்டு உட்கார வேண்டியதாயிற்று. வாரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"என்ன, ஒட்டிக்கிச்சா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்." அவள் செருப்பைக் கழற்றாமல் நிமிர்ந்தாள். "இது அன்னைக்கு நம்ம ரேக்ல கிடந்தது சார். செருப்புக்கு ஆபரேஷனாடின்னு காலைல அவள நாங்க கிண்டல் பண்ணோம். சாயங்காலம் நீங்கதான கவர்ல போட்டு அக்கா கைல குடுத்தீங்க? நான் பக்கத்துலதான நின்னேன்."

கடை முழுக்கக் காதாக இருந்தது.

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

ஆல்டரேஷன் அக்கா எழுந்தாள். "அத நான் பாத்துக்குறேன். என்கிட்ட ஒரு மெஷின் சும்மாதான் கிடக்கு." பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "வாடி, இப்பவே போயிரலாம். உக்காந்து யோசிச்சா பயம் வந்துரும்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தன நாளா எங்கம்மா இருந்தே?" என்றார்.

"கடையிலதான் சார் இருந்தேன். பயமா இருந்துச்சு. நீங்களும் மேனேஜர மட்டுந்தான் கேட்டீங்க, எங்கள யாரையும் கேக்கல. அவ போட்டிருந்த கடை ஷூவும் திரும்பி வரல சார்."

அவர் எழுதினார். வழக்கைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"அந்த 'விருப்பத்தின் பேரில்'?" என்று கேட்டாள் அம்மா.

"இனிமே இருக்காது."

"படிச்சுக் காட்டுங்க."

அவர் படித்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சார். உங்காளுங்க எல்லாருக்கும் கேக்கட்டும்."

இந்த முறை செருப்பை உறையில் போட்டு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள். வாசலில் பைக்கோடு நின்ற புருஷன் அவளுடைய வெறுங்காலைப் பார்த்து, "ஏறிக்க. ரோடு கொதிக்குது" என்றார்.

"நீங்க முன்னால போங்க. பொண்ணு ஓடிப்போச்சுன்னு பேசுன தெருதான, நான் நடந்தே வர்றேன்."

அடுத்த சனிக்கிழமை, உறை கழற்றிய மெஷினில் அந்தப் பெண் கோணல்மாணலாக ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். "தையலா இது, ஆத்தோட போக்கா? பிரி, பிரிச்சுட்டுத் திரும்பத் தை" என்று சொல்லிவிட்டு ஆல்டரேஷன் அக்கா கிளம்பினாள். செருப்புக் கடைக்குள் வெறுங்காலோடு நுழைந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் வந்தார். முகம் வாடியிருந்தது, அவரை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அதான் மாத்தி எழுதிட்டாங்களேம்மா. இன்னும் எதுக்கு வர்றீங்க?"

"அவ தானாப் போகலன்னுதான எழுதியிருக்காங்க? எங்க போனான்னு எழுதலையே."

காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"செருப்பு காட்டுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, நிதானமாவே பாக்கலாம்."