கோட்டைச் சுவரைத் தாண்டிய பந்து

அண்ணன் காலமாகி ஒரு மாதம் கழிந்தபின், அண்ணி என் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். செங்கல்பட்டு வீட்டு பீரோவில், பத்திரங்களுக்கெல்லாம் அடியில் இருந்ததாம். "தம்பி, இது ஒங்க கையெழுத்தாட்டம் கீது, பாருங்க" என்றார்.

என் கையெழுத்துதான். நாற்பது பக்க நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு, முன்னட்டையில் என் பெயரும், ஐந்தாம் வகுப்பு என்ற குறிப்பும். உள்ளே பாடம் ஏதுமில்லை. ஒரு குற்றச்சாட்டு இருந்தது. சாட்டியவன் நான். சாட்டப்பட்டவர் அண்ணன்.

இப்போது படூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறான். அவனுடைய அணி இந்த ஆண்டு தொடர்ந்து தோற்கிறது. அதன் நட்சத்திரத்துக்கு வயதாகிவிட்டது. "தாத்தா, இவங்கள்ல யாரோ வேணும்னே தோக்கறாங்க" என்று அவன் நேற்றுச் சொன்னபோது, அந்தக் குரல் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. ரசிகனுக்குத் தன் நாயகனின் மூப்பு கண்ணில் படுவதில்லை. தோல்வி வந்தால், அதை யாரோ கொண்டுவருகிறார்கள் என்றே அவன் எண்ணுவான். பத்து வயதில் நான் அப்படித்தான் எண்ணினேன்.

என் நாயகன் மாமா. அம்மாவின் அண்ணன், எங்கள் ஊர் அணியின் தலைவர், முன்வரிசை ஆட்டக்காரர். ஒரு காலத்தில், சென்னையிலிருந்து வந்த அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர். அந்தச் செய்தித்தாள் துண்டு எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. புளி எடுக்கும்போதெல்லாம் அதைப் படிப்பேன். நான் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய ஆண்டில் அவருக்கு நாற்பது வயது. அணியில் வேறு மூவரும் அந்த வயதினர். சைக்கிள் கடை வைத்திருந்த கோல்கீப்பருக்கு வயிறு முன்னால் வந்திருந்தது. ஆனால் நாக்கு மட்டும் இளமையாக இருந்தது.

அண்ணனுக்குப் பத்தொன்பது. பின்வரிசையில் ஆடினார். அவரை அணியில் சேர்த்தது அம்மா. "மாமா கூடவே இரு" என்று சொல்லி அனுப்பினார். மாமாவின் நிழலில் அண்ணனுக்கு ஒரு பாதுகாப்பு என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு மாவட்டப் போட்டிகளில் நாங்கள் வரிசையாகத் தோற்றோம். முதலில் நான் கோல்கீப்பரைச் சந்தேகித்தேன். பிறகு நடுவரை. ஒருவர் பின் ஒருவராக விடுவித்துக்கொண்டே வந்தபின், கடைசியில் எஞ்சியவர் என் வீட்டிலேயே, என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார்.

காரணம் இருந்தது. எங்கள் அணியிடம் ஆடத் தகுந்த பந்து ஒன்றே ஒன்றுதான். அது மைதானத்தை விட்டுப் போனால், யாராவது எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். மைதானம் கொளவாய் ஏரியின் ஓரத்தில் இருந்தது. ஏரியில் விழுந்தால் இடுப்பளவு நீரில் இறங்கி எடுக்க வேண்டும். அண்ணனின் உதை பலமானது. பந்து அடிக்கடி ஏரிக்குப் போயிற்று. முன்னிலையில் இருக்கும் அணி அப்படி நேரத்தைப் போக்குவது ஊரறிந்த தந்திரம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஆள் எதற்காக நேரத்தைப் போக்குகிறான்?

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். "வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல கொண்டா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அவருடைய கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டேன். நேரம். பந்து போன இடம். அதற்கு முன் நடந்தது.

சில வரிகளை அப்படியே தருகிறேன்:

"17 நிமிடம். ஏரி. மாமா கோல் வரை ஓடினார். பந்து தவறிவிட்டது."

"29 நிமிடம். ஏரி. மாமா எகிறி முட்டினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்."

"44 நிமிடம். கருவேலம் புதர். மாமா வேகமாகத் திரும்பி ஓடி வந்தார்."

மூன்றாம் கட்டத்தில் எங்கும் மாமாவே இருந்தார். நான் பார்த்ததே அவரை மட்டுந்தான்.

வேறு சான்றுகளும் சேர்ந்தன. கடைசி ஆட்டம் சதுரங்கப்பட்டினம் அணியோடு. தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். அந்த ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அண்ணன் அந்த அணியின் மேனேஜரோடு நின்றதைக் கண்டேன். மேனேஜர் அண்ணனின் தோளில் கை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், "எங்க போயிருந்த?" என்று கேட்டேன்.

"எங்கியும் இல்ல. நீ ஹோம்வொர்க் முடிச்சியா?"

பொய் சொல்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அதையும் குறித்துக்கொண்டேன். அம்மாவின் போக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அவர் அண்ணனிடம் கேட்பது ஒன்றே: "மாமா நல்லா ஆட்னாரா?" அண்ணன் "ஆட்னாரு" என்பார். வெற்றியா தோல்வியா என்று அம்மா கேட்டதே இல்லை. அண்ணனின் முகத்தை மட்டும் சற்று நேரம் பார்ப்பார்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனோம். மாமா சன்னலோரம் கண்களை மூடிக்கொண்டு வந்தார். அவருடைய பையையும் அண்ணனே மடியில் வைத்திருந்தார். துரோகம் செய்யப் போகிறவனின் பணிவு என்று எனக்குப் பட்டது.

மைதானம் டச்சுக்காரர்களின் பாழடைந்த கோட்டையை ஒட்டி இருந்தது. பாதி மண், பாதி மணல். அந்த ஊர் இளைஞர்கள் தினமும் வலை இழுப்பவர்கள். மணலிலும் அவர்கள் கெட்டித் தரையில் ஓடுவதுபோல் ஓடினார்கள்.

"பெருசு, பாத்து ஓடு. காலு பொதஞ்சிடப் போவுது" என்றான் ஒருவன் மாமாவைப் பார்த்து.

கோலடியிலிருந்து எங்கள் கோல்கீப்பர் கத்தினார்: "நீ போயி வலைய இழு தம்பி. கோலு நாங்க போட்டுக்கிறோம்."

"ஒன் வயித்த தாண்டி பந்து எப்டிண்ணா வரும்? நீயே ஒரு சொவுரு."

சுவர் தாங்கவில்லை. பதினான்காம் நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அதன்பின் மாமா மூன்று முறை எதிர்ப்பக்கம் வரை ஓடினார். மூன்று முறையும், பந்து அண்ணனிடம் வந்தவுடன், அவர் அதைக் கோட்டைச் சுவருக்கு மேலாக உதைத்தார். கோட்டைக்குள் முட்புதர். வாயில் வழியாகச் சுற்றிப் போய்த் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏரியைவிட அதிக நேரம் பிடித்தது.

எனக்கு அருகில் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"இன்னா மச்சான் இவன், தோத்துகினு கீறான், டைம்ம ஓட்றான்?"

"யாரு கண்டா. நம்ம ஆளா இருப்பான்."

எனக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

இடைவேளையில் அணியினர் சவுக்கு மரங்களின் கீழ் உட்கார்ந்திருந்தனர். நான் நேராகப் போய் மாமாவிடம் நோட்டை நீட்டினேன். "மாமா, அண்ணன் வேணும்னே பண்றான். எல்லாம் எழுத்துல கீது." என் குரல் நடுங்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மாமா கை நீட்டும் முன் கோல்கீப்பர் அதைப் பறித்து உரக்கப் படித்தார். தேநீர்க் கடை வரியில் நிறுத்தினார். "இன்னாடா இது? அந்தாளோட ஒனக்கு இன்னா பேச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்லாமயா தோள்ல கை போட்டான்? சொந்தத் தம்பியே எழுதி வச்சிகினு கீறான் பாரு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மாமாவை ஒரு முறை பார்த்துவிட்டு, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த இப்டி குடு" என்று மாமா நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவருடைய விரல் மூன்றாம் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. நடுவர் ஊதலை எடுத்துத் துடைக்கும் வரை படித்தார்.

"இதெல்லாம் நீயே பாத்து எழுதுனதா?"

"ஆமா மாமா. அப்பா வாட்ச்ல டைம் பாத்து."

"ஒண்ணுகூட வுடல?"

"வுடல மாமா."

"நல்லா எழுதிகீறடா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அண்ணனிடம் திரும்பினார். "எத்தினி நாளா, மாப்ள?"

"தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

யாரோ காறித் துப்பினார். அதைவிடத் தெளிவான ஒப்புதலை எந்த நீதிமன்றமும் கேட்டிருக்காது. அண்ணன் வெளியேற்றப்படுவதைக் காண நான் காத்திருந்தேன். மாமாவோ குனிந்து தம் பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்தார். எங்கள் அணியில் தோல் பூட்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அதைக் கழற்றி அண்ணன் முன் வைத்தார்.

"போட்டுக்க. பெருசா இருந்தா துணி வச்சி அடைச்சிக்க. நீ முன்னாடி ஆடு."

"வாணாம் மாமா. நீயே ஆடு. நான் பாத்துக்கிறேன்."

"பாத்துகினது போதும்."

"இன்னா அண்ணாத்த, இவனையா முன்னாடி வுடற?" என்று கோல்கீப்பர் எழுந்தார்.

"ஆமா. இவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் மாமா. யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் மாமா வெறுங்காலோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை மார்பில் இருந்தது. அவருடைய மூச்சில் ஒரு சீழ்க்கை ஒலி வந்தது. அழுகிறார் என்று எண்ணி மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தேன். அண்ணன் பெரிய பூட்ஸில் தடுமாறித் தடுமாறி ஓடினார். ஒரு முறை அவர் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பந்து ஒரு தடவைகூடக் கோட்டைச் சுவரைத் தாண்டவில்லை. அகப்பட்டபின் குற்றவாளி ஒழுங்காக ஆடுகிறான் என்று நான் முடிவுசெய்தேன். அந்த ஒரு கோலிலேயே தோற்று, இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

அண்ணன் அதற்குப் பிறகு ஆடவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அவர் வேறு கடைக்குப் போனார். அடுத்த பொங்கலுக்கு மாமா இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், எதையோ நறுக்கிக்கொண்டே, அம்மா சொன்னார்: "ஓடுனா மாமாவுக்கு மூச்சு முட்டும். நெஞ்சுல கோளாறு. ஆடாதன்னா கேக்கல. அதான் ஒங்கண்ணன கூட அனுப்புனேன்." பந்து நல்ல நேரத்தில் வெளியே போவதைத் தம் அதிர்ஷ்டம் என்றும், உடம்பு இன்னும் தாங்குகிறது என்றும் மாமா நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை என் மூன்றாம் கட்டம் கலைத்துவிட்டது.

பிற்பாடு நான் வரலாறு கற்பித்தேன். சான்றைப் பார்க்கும் முன் அதை எழுதியவன் எங்கே நின்றிருந்தான் என்று பாருங்கள் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொன்னேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவரே அதை மாற்றிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் இப்போது சந்தேகிக்கிறேன். தேநீர்க் கடையில் அந்த மேனேஜரோடு என்ன பேசினார் என்பது மட்டும் எனக்கு இன்றும் தெரியாது. இனிக் கேட்பதற்கும் ஆளில்லை.

திரும்பும் பேருந்தில் மாமாவும் அண்ணனும் முன் இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்தனர். மற்றவர்கள் பின்னால் போய்விட்டார்கள். சற்று நேரத்தில் மாமாவின் தலை அண்ணனின் தோளில் சாய்ந்தது. அண்ணன் அசையாமல் வந்தார். திருக்கழுக்குன்றத்தில் கடலை விற்பவன் ஏறிக் கூவியபோது, அவனை வாயில் விரல் வைத்து அடக்கினார். விற்றவனின் தோளில் விற்கப்பட்டவர் உறங்குவது எனக்கு விளங்கவில்லை. மாமா திருப்பித் தந்திருந்த நோட்டை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, கடைசி வரியை எழுதினேன். பேருந்தின் குலுக்கலில் எழுத்துகள் கோணியிருக்கின்றன. ஆயினும் அண்ணனால் அதைப் படித்திருக்க முடியும்.

"மாமாவும் கூட்டு. அம்மாவையும் விசாரிக்க வேண்டும்."

அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு, முன் இருக்கையில் ஒட்டியிருந்த அந்த இரண்டு தலைகளையும் கண்காணித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.